கோயம்புத்தூரில் மூன்று நாள்

"நம் ஜில்லாவுக்கு ஒரு பெரிய தொழிற்சாலை வேண்டும்!"

சென்ற மாசி மாதத்தில் ஒரு மாலை, நமது பள்ளிக்கூட மண்டபத்தில் கூடிய கூட்டத்தில் பன்னிரண்டு பேர் பேசினார்கள். பன்னிரண்டு பேரும் இந்த ஒரே வாக்கியத்தைத்தான் பன்னிரண்டு சுருதியில் பாடினார்கள். ஜில்லாவின் தொழில் அபிவிருத்திக்குத் திட்டம் ஒன்று தயாராகப் போகிறதென்றும், ஊரார் தங்கள் யோசனைகளை எழுதிக் கொடுக்கலாமென்றும் செய்தி வந்திருந்தது. யோசனை சொல்லப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். எழுதத்தான் ஒருவரும் இல்லை. எழுத்து வேலை என்றால் உபாத்தியாயர் இருக்கவே இருக்கிறார் அல்லவா? அந்தப் பொறுப்பு நம் தலையில் விழுந்தது.

நாம் இருப்பது ராமநாதபுரம் ஜில்லாவில், கமுதிக்குச் சமீபத்தில் உள்ள ஒரு சிற்றூர். வானம் பார்த்த பூமி. கண்மாய் நிறைந்தால் நெல், நிறையாவிட்டால் மிளகாய், அதுவும் பொய்த்தால் சீமைக் கருவேலை வெட்டிக் கரிமூட்டம் போட வேண்டியதுதான். பிள்ளைகள் பரீட்சை எழுதி முடித்த மை உலர்வதற்குள் பஸ் ஏறிவிடுகிறார்கள். ஒரு வகுப்பில் நாற்பது பேர் படித்தால், பத்து வருஷம் கழித்து ஊரில் இருப்பவர் நாலு பேர் தேறினால் அதிகம்.

இந்தக் கமுதியில் 2016-ஆம் ஆண்டில் ஓர் அதிசயம் நிகழ்ந்தது. 648 மெகாவாட் சக்தியுள்ள சூரிய மின்நிலையம் எழுந்தது. அப்போது அது உலகத்தின் மிகப் பெரிய சூரிய மின்நிலையங்களுள் ஒன்று. கண்ணுக்கெட்டிய தூரம் கண்ணாடியால் பாத்தி கட்டியது போலத் தகடுகள் வெயிலைக் குடித்துக்கொண்டு நிற்கின்றன. அங்கே பிறக்கும் மின்சாரம் உயர்ந்த கம்பிகளில் ஏறி ராஜ்யம் முழுவதற்கும் போகிறது. அது நல்ல காரியம். அதில் நமக்குப் பெருமையும் உண்டு. ஆனால் நமது பள்ளிக்கூடத்துக் கிணற்று மோட்டார் பழுதானால் நிலைமை என்ன? காயில் கட்டுவதற்கு பஸ் நிலையத்து மூலையில் ஒரு பெரியவர் இருக்கிறார். தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லர் தேய்ந்துவிட்டாலோ, ஓர் அச்சுத்தண்டு வளைந்துவிட்டாலோ, அது கோயம்புத்தூரிலிருந்து வந்தாக வேண்டும்.

மனுவை எழுத உட்கார்ந்தபோது, "ஏன் எல்லாம் கோயம்புத்தூரிலிருந்து வருகிறது?" என்ற கேள்வி பேனாவைப் பிடித்து நிறுத்திவிட்டது. அங்கே நிலக்கரி இல்லை, இரும்புச் சுரங்கம் இல்லை, துறைமுகம் இல்லை. பெய்கிற மழையும் நம் சீமையில் பெய்வதைவிட அதிகமன்று. பின் எப்படி? தமிழாசிரியரான நண்பர் ஒருவரைத் துணை சேர்த்துக்கொண்டு, கோடை விடுமுறையில் மூட்டையைக் கட்டினோம்.

பழனிச் சாலை

மதுரையைத் தாண்டிப் பழனி மலை கண்ணில் பட்டதும் நண்பர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நமக்கோ அந்தச் சாலையே ஒரு க்ஷேத்திரமாகத் தோன்றிற்று. 1920-ஆம் ஆண்டில், பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே ஒரே ஒரு பஸ்ஸை வைத்துக்கொண்டு, தாமே ஓட்டுநராகவும் இருந்து தொழில் தொடங்கினார் ஜி. டி. நாயுடு. கோவைக்கு அருகே கலங்கல் கிராமத்தில் 1893-இல் பிறந்தவர். பள்ளிப் படிப்பு அவருக்கு ஒட்டவில்லை. வெள்ளைக்கார உத்தியோகஸ்தர் ஒருவருடைய மோட்டார் சைக்கிளைக் கண்டு மயங்கி, ஹோட்டலில் வேலை பார்த்துப் பணம் சேர்த்து, அதை வாங்கி அக்கக்காகப் பிரித்து மறுபடி பூட்டினார் என்று கொங்கு நாட்டில் இன்றும் சொல்கிறார்கள்.

உடுமலைப்பேட்டையை அடைந்தபோது இரு புறமும் காற்றாலைகள் நின்றன. பாலக்காட்டுக் கணவாய் வழியே நுழைந்து வருகிற காற்று அவற்றைச் சுழற்றிக்கொண்டிருந்தது. அப்புறம் பொள்ளாச்சித் தென்னந்தோப்புகள். இருட்டுகிற நேரத்தில் கோவையில் இறங்கினோம்.

கரும்பு சொன்ன கதை

முதல் நாள் காலையில், யந்திரங்களைப் பார்ப்பதற்கு முன் வயல்களின் பக்கம் போனோம். சைதாப்பேட்டையில் இருந்த விவசாயக் கல்லூரி 1906-இல் கோவைக்கு வந்தது. 1971-இல் சர்வகலாசாலையாக உயர்ந்தது. அதன் பக்கத்திலேயே 1912-இல் ஏற்பட்டது கரும்பு இனவிருத்தி நிலையம். கரும்பைப் பற்றி ஆராய ஏன் கோவையைத் தேர்ந்தார்கள் என்று நேயர்கள் கேட்கலாம். கரும்பு எல்லா இடத்திலும் எளிதில் பூத்துவிடாது; கோவைச் சீதோஷ்ணத்தில் தாராளமாகப் பூக்கிறது. பூத்தால்தானே கலப்பினம் உண்டாக்க முடியும்?

வட இந்தியாவில் அந்தக் காலத்துக் கரும்பு மெலிந்த கரும்பு. குளிரைத் தாங்கும், ஆனால் விளைச்சல் குறைவு. தென்னாட்டுத் தடித்த கரும்பில் சாறு நிறைய உண்டு. வடக்கத்திக் குளிர் அதற்கு ஒத்துக்கொள்ளாது. டாக்டர் பார்பரும், அவரோடு உழைத்துப் பின்பு அப்பணியை வளர்த்த டி. எஸ். வேங்கடராமனும், தடித்த கரும்பை ஆற்றங்கரையில் காடாய் மண்டுகிற நாணலோடு கலந்தார்கள். யாரும் மதிக்காத நாணலின் உரம் கரும்புக்கு ஏறிற்று. 'கோ 205' என்ற அந்த வகை 1918-இல் பஞ்சாப் வயல்களுக்குப் புறப்பட்டது. 'கோ' என்ற அந்த எழுத்து கோயம்புத்தூரின் பெயர் அல்லாமல் வேறில்லை.

இதில் நாம் கவனித்த விஷயம் ஒன்று. நாற்று பிறந்தது கோவையில். அதன் தகுதியை நிர்ணயித்தது பஞ்சாப்பின் வயல். தோட்டத்தில் அழகாக வளர்ந்ததை மட்டும் நம்பியிருந்தால், கோ 205 ஒரு கண்காட்சிப் பொருளாகவே முடிந்திருக்கும். புதுமை பிறக்கும் இடம் ஒன்று, அது பயன்பட வேண்டிய இடம் வேறு. இரண்டுக்கும் நடுவே பாலம் கட்டுவதுதான் பெரிய வேலை. இதை மனுவின் முதல் வரியாகக் குறித்துக்கொண்டோம்.

பைக்காராவுக்கு முன்

இரண்டாம் நாள் அவிநாசி ரோட்டில் பீளமேட்டுப் பக்கம் அலைந்தோம். கோவையின் தொழில் வரலாற்றைப் பேச ஆரம்பித்தால் எல்லோரும் பைக்காராவில் தொடங்குகிறார்கள். நீலகிரியின் பைக்காரா ஆற்று நீரிலிருந்து 1932-இல் மின்சாரம் பிறந்து சமவெளிக்கு இறங்கிற்று. பஞ்சாலைகள் பெருகின. கிணற்று மேட்டில் கவலை இழுத்த காளைகளுக்கு ஓய்வு கிடைத்தது. ஐந்தே வருஷங்களில், 1937-இல், இந்தியாவிலேயே உருவான முதல் மின்சார மோட்டார் என்று பெயர் பெற்ற மோட்டார் பீளமேட்டில் தயாராயிற்று. ஜி. டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் அதைச் செய்தவர்கள்.

பைக்காரா வந்தது, ஐந்து வருஷத்தில் மோட்டார் வந்தது. கமுதிக்கும் மின்நிலையம் வந்தது. நமக்கு ஒரு திருகாணியாவது வந்ததா? இந்த ஒப்பீடு மனத்தை உறுத்திக்கொண்டே இருந்தது. கணக்கை இன்னும் பின்னோக்கிப் போட்டுப் பார்த்த பிறகுதான் விடை கிடைத்தது.

ராபர்ட் ஸ்டேன்ஸ் துரை கோவையின் முதல் பஞ்சாலையை அமைத்தது 1888-இல். பைக்காராவுக்கு அது நாற்பத்து நாலு வருஷம் முந்தியது. ஆலை ஓடினால் யந்திரம் பழுதாகும். சீமையிலிருந்து உதிரிப் பாகம் கப்பலில் வரும் வரையில் காத்திருக்க முடியுமா? உள்ளூர்க் கொல்லரும் தச்சரும் கைகொடுத்தார்கள். பிறகு பஸ்கள் வந்தன. பஸ் பட்டறைகள் வந்தன. பீளமேட்டில் பி. எஸ். கோவிந்தசாமி நாயுடுவின் குமாரர்கள் நால்வர், குடும்பச் சொத்தை நாலாகப் பிரிக்காமல் ஐந்தாகப் பிரித்தார்கள். ஐந்தாவது பங்கு தர்மத்துக்கு! 1926-இல் ஏற்பட்ட அந்தத் தர்ம ஸ்தாபனம் ஒரு தொழிற் பட்டறையை நிறுவிற்று. அங்கே பம்பு செய்து விற்பதும், பிள்ளைகளுக்கு வேலை கற்பிப்பதும் ஒரே கூரையின் கீழ் நடந்தன.

ஆகவே, 1932-இல் மின்சாரம் வந்து கதவைத் தட்டியபோது, கதவைத் திறக்க ஆயிரம் கைகள் தயாராக இருந்தன. மின்சாரம் கைகளை உண்டாக்கவில்லை. முன்பே பழுது பார்த்துப் பழகியிருந்த கைகளுக்கு அது பலம் கொடுத்தது. பழுது பார்க்கிறவன் ஒரு நாள் பாகம் செய்கிறான். பாகம் செய்கிறவன் ஒரு நாள் முழு யந்திரமே செய்கிறான். இந்த ஏணியில் ஒரு படியைக் கூடக் கோவை தாண்டிக் குதிக்கவில்லை. நாமோ அடிப்படி இல்லாமலே உச்சிப்படியைக் கேட்டு மனு எழுத உட்கார்ந்திருந்தோம்!

அயல்நாட்டு வித்தையையும் கோவை வெறுத்து ஒதுக்கவில்லை. 1962-இல் ஜி. கே. தேவராஜுலு லக்ஷ்மி மெஷின் ஒர்க்ஸைத் தொடங்கியபோது, ஸ்விட்ஸர்லாந்து தேசத்து ரீட்டர் கம்பெனியின் தொழில்நுட்ப ஒத்துழைப்பைப் பெற்றார். நூற்பு யந்திரங்கள் இங்கேயே உற்பத்தியாயின. ஆனால் எப்போது? எழுபது வருஷத்துக்கு மேல் பஞ்சாலை யந்திரத்தோடு மல்லுக்கட்டிப் பழகிய பிறகு, 1951-இல் பி. எஸ். ஜி. தொழில்நுட்பக் கல்லூரியும், 1956-இல் தென்னிந்தியப் பஞ்சாலை ஆராய்ச்சிச் சங்கமும் ஏற்பட்ட பிறகு. போட்டி போட்டுக்கொண்டு நூல் விற்கும் ஆலைக்காரர்கள், ஆராய்ச்சி என்று வந்தபோது ஒரே சங்கத்தில் கூடிச் செலவைப் பங்கிட்டுக்கொண்டது பெரிய விவேகம். தனி ஆலை ஒன்றால் வாங்க முடியாத சோதனைக் கருவியை ஐம்பது ஆலை சேர்ந்தால் வாங்கலாம். இரவல் வித்தை அப்படிப்பட்ட ஊரில்தான் சொந்த வித்தையாகிறது.

ஒரு சந்து, ஒரு தொழிற்சாலை

மூன்றாம் நாள் ஆவாரம்பாளையத்தில் நமது பழைய மாணவர் ஒருவரைத் தேடிப் போனோம். பத்தாம் வகுப்பில் இரண்டு தரம் தவறி ஊரை விட்டுப் போனவர். இப்போது இரண்டு லேத் வைத்திருக்கிறார். மூன்று பேருக்கு வேலை கொடுக்கிறார். கணக்கு வழக்கு மனைவியின் பொறுப்பு.

"ஸார், வாங்க, வாங்க!" என்று எண்ணெய்க் கையை வேஷ்டியில் துடைத்துக்கொண்டு ஓடிவந்தார். அவர் செய்வது பம்புக்கு வேண்டிய அச்சுத்தண்டு ஒன்றுதான். அடுத்த கொட்டகையில் மரத்தில் அச்சு மாதிரி செதுக்குகிறார்கள். அதற்கு அப்பால் ஒருவர் மண் அச்சில் இரும்பை வார்க்கிறார். எதிர்ச் சரகில் காயில் கட்டும் பெண்கள். தெருக்கோடியில் எல்லாவற்றையும் பூட்டி முழுப் பம்பாக்குகிறவர்.

"தம்பி, எல்லாவற்றையும் நீங்களே செய்தால் லாபம் கூடுதலாகாதா?" என்று நண்பர் கேட்டார்.

"அதுக்குப் பெரிய முதல் வேணும், ஐயா. இங்கே யாரும் முழுசாத் தொடங்குறதில்லை. தெரிஞ்சதை ஒருத்தர் செய்வார். தெரியாததைப் பக்கத்து வீட்டுல கேப்பார். புதுசா ஒரு உலோகம், புதுசா ஒரு வழி யாராவது கண்டுபிடிச்சா, சாயங்காலம் டீக்கடைக்கு வர்றதுக்குள்ள சந்து முழுக்கத் தெரிஞ்சு போகும். பம்பைச் சோதிச்சுச் சீட்டு வாங்க, தொழில்காரங்க சங்கமே ஒரு பரிசோதனை நிலையம் வச்சிருக்கு. நான் ஒருத்தன் அதை வச்சுக்க முடியுமா?"

நமக்கு அப்போதுதான் கண் திறந்தது. நமது கூட்டத்தில் பன்னிரண்டு பேர் கேட்ட 'பெரிய தொழிற்சாலை' அங்கேதான் இருந்தது. அதற்கு ஒரு மதில் இல்லை. ஒரு வாயில் இல்லை. அந்தச் சந்தே தொழிற்சாலை. கூரைகள்தான் வேறு வேறு. வீட்டு மாவரைக்கும் கிரைண்டரைக் கோவைக்காரரான பி. சபாபதி 1955-இல் மின்சாரத்தால் ஓடச் செய்ததும், இன்று 'கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்' புவிசார் குறியீடு பெற்று விளங்குவதும் இத்தகைய சந்துகளின் பெருமையே.

விடைபெறும்போது ஒன்று நடந்தது. அந்த மாணவர் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது பள்ளிக்கூடத்துச் சுவர்க் கடிகாரத்தை யாருக்கும் தெரியாமல் பிரித்துவிட்டார். மீண்டும் பூட்டவும் செய்தார். கடிகாரம் ஓடவும் செய்தது. ஆனால் அதை விசாரிக்காமல், "உனக்கு ஸ்குரூ முடுக்கத்தான் லாயக்கு" என்று வகுப்பு முழுவதும் சிரிக்கும்படி சொன்னவர் நாம்தான். அதை அவர் மறந்திருப்பார் என்று எண்ணியிருந்தோம்.

"நீங்க அன்னிக்குச் சொன்னது பலிச்சுப் போச்சு, ஸார்" என்றார். குத்தலே இல்லாத குரல். உண்மையாகவே அதை ஆசீர்வாதமாக எடுத்துக்கொண்டவர் போலச் சிரித்தார். நமக்குத் தலை நிமிரவில்லை. மோட்டார் சைக்கிளைப் பிரித்த பையனுடைய பெயரைச் சொல்லிக் கோவை பெருமைப்படுகிறது. கடிகாரத்தைப் பிரித்த பையனை நாம் பஸ் ஏற்றிவிட்டோம். ஒரு ஜில்லாவின் தொழில்திட்டம் எந்த இடத்தில் தவறுகிறது என்பதற்கு இதைவிட வேறு சாட்சியம் வேண்டியதில்லை.

நொய்யலின் எச்சரிக்கை

புகழ்ச்சியோடு மட்டும் திரும்பிவிட்டால் பிரயாணக் கட்டுரை அழகாக இருக்கும், மனு அரைகுறையாகும். நொய்யல் ஆற்றைக் கீழ் நோக்கித் தொடர்ந்தால் திருப்பூர் வருகிறது. பனியன் தொழிலால் உலகப் பிரசித்தி பெற்ற அந்நகரின் சாயக் கழிவு ஆற்றில் கலந்தது. பாசனத்துக்காக 1992-இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயநீர் தேங்கி, கீழேயுள்ள நிலங்களைப் பாழாக்கிற்று. குடியானவர்கள் நீதிமன்றப் படியேறினார்கள். கடைசியில் 2011 ஜனவரியில், சாயப் பட்டறைகளை மூடும்படி சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. கழிவு நீரைச் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தும் முறை அதற்குப் பிறகுதான் வேரூன்றிற்று. அந்த முறையை முதலிலேயே திட்டத்தில் சேர்த்திருந்தால் எத்தனை கண்ணீர் மிச்சமாகியிருக்கும்!

பம்பின் கதையும் அப்படித்தான். மேலே இருந்து உறிஞ்சும் பம்பு சுமார் இருபத்தைந்து அடிக்குக் கீழே உள்ள நீரை எட்டாது. கிணறு தாழத் தாழ, நீருக்குள்ளேயே மூழ்கி நின்று மேலே தள்ளும் பம்பைக் கோவை செய்தது. சாமர்த்தியந்தான். ஆனால் பம்பின் சக்தி ஏற ஏற நீர் மட்டம் இறங்கிற்று. இன்று கொங்கு நாட்டில் ஆயிரம் அடி ஆழத்துக்குக் கூடக் குழாய் இறக்குகிறார்கள். நீரை எடுக்கும் வித்தை வளர்ந்த வேகத்தில், நீரைச் சேமிக்கும் வித்தை வளரவில்லை. கண்மாய்ச் சீமையில் பிறந்த நாம் இதை மறக்கலாகாது.

மனு

ஊர் திரும்பியதும் முதல் வேலையாகப் பஸ் நிலையத்து மூலைக்குப் போனோம். காயில் கட்டும் பெரியவர் வழக்கம் போல் தாமிரக் கம்பியோடு குனிந்திருந்தார். இருபது வருஷமாக அவரைக் கடந்து போயிருக்கிறோம், உட்கார்ந்து பேசியதில்லை.

"பெரியவரே, இந்த வேலையை யாருக்காவது கற்றுக்கொடுத்திருக்கிறீர்களா?"

"கேட்டு வந்தவன் யாரு, ஐயா? என் மகனே கேக்கலை" என்றார்.

அன்று இரவே மனுவை எழுதினோம். அதில் பெரிய தொழிற்சாலை இல்லை. எழுதியது இவ்வளவுதான்: பள்ளிக்கூடத்துக்கு அருகே ஒரு பொதுப் பட்டறை, அதில் லேத் இரண்டு, காயில் கட்டும் மேஜை ஒன்று, மோட்டாரும் சூரியத் தகடும் சோதிக்கும் கருவிகள். கற்பிப்பவர் பஸ் நிலையத்துப் பெரியவர். அவருக்கு மாதச் சம்பளம். மிளகாய் உலர்த்தவும், கருப்பட்டி காய்ச்சவும், கண்மாய் நீரைச் சிக்கனமாகப் பாய்ச்சவும் நமது சீமைக்கு ஏற்ற யந்திரங்களைக் கல்லூரி விஞ்ஞானிகள் இங்கேயே வந்து, இங்குள்ள வெயிலிலும் உப்புக் காற்றிலும் சோதித்துத் தர வேண்டும். எந்தத் தொழில் வந்தாலும் அதன் கழிவு நீர் போகும் வழியை முதல் நாளே எழுதிக் காட்ட வேண்டும். பெரிய ஆலை பிறகு வரட்டும். வரும்போது வாயிற்காவலர் வேலைக்கு மட்டும் நம் பிள்ளைகளைத் தேடாமல் இருக்கும்.

கூட்டத்தில் படித்தபோது, "இவ்வளவு சின்னதாகக் கேட்டால் எப்படி?" என்று ஒருவர் குறைப்பட்டார். ஒரு பம்பு ஓடும் ஊரெல்லாம் கோவையின் ஒரு சந்து வாழ்கிறது என்பதை அவருக்கு விளக்கினோம். அரைமனத்தோடு கையெழுத்திட்டார்.

மனுவுக்கு இன்னும் பதில் வரவில்லை. ஆவாரம்பாளையத்திலிருந்து மட்டும் ஒரு கடிதம் வந்திருக்கிறது. பழைய லேத் ஒன்றைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவதாகவும், அடுத்த கோடையில் பத்து நாள் தாமே வந்து பிள்ளைகளுக்கு ஓட்டக் கற்றுத் தருவதாகவும் எழுதியிருக்கிறார். கடிதத்தின் கடைசி வரி: "கடிகாரத்தைப் பிரிக்கிற பையன் யாராவது இருந்தால், அவன் பெயரை முதலில் எழுதி வையுங்கள், ஸார்."

எழுதி வைத்திருக்கிறோம். இரண்டு பெயர் சேர்ந்திருக்கிறது. அதில் ஒன்று ஒரு பெண்ணின் பெயர்.